20 வார ஸ்கேனில் 'நஞ்சுக்கொடி கீழே இருக்கு' என்றால் அடுத்து எதைக் கேட்க வேண்டும்?

நெல்லைச்சீமை

எல்லாருக்கும் வணக்கம். இது எனக்கு இரண்டாவது. மூத்தவன் சிசேரியனில் பிறந்தான், இப்போது மூன்று வயது. போன வாரம் அனாமலி ஸ்கேன் எடுத்தோம். குழந்தைக்கு இதயம், சிறுநீரகம், முதுகெலும்பு எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். ரிப்போர்ட்டின் கடைசியில் மட்டும் 'பிளசென்டா முன்பக்கம், லோ லையிங்' என்று ஒரு வரி. எங்கள் டாக்டரம்மா அதைப் பார்த்துவிட்டு, "நஞ்சுக்கொடி கொஞ்சம் கீழே இருக்கு, ஏறிடும். வெயிட் தூக்காதீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டார். ஓ.பி.யில் நல்ல கூட்டம், மேற்கொண்டு எதுவும் கேட்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அத்தை என்னைக் கட்டிலை விட்டு இறங்க விடுவதில்லை. அம்மாவோ ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்ததும் ஊருக்குக் கூட்டிப்போகிறேன் என்கிறார். எங்கள் ஊரிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக ஒன்றரை மணி நேரம் ஆகும். எனக்கு ரத்தப்போக்கு எதுவும் இல்லை. இந்த ஒரு வரிக்கு எவ்வளவு பயப்பட வேண்டும், டாக்டரிடம் எதைக் கேட்க வேண்டும் என்று யாராவது சொல்லுங்களேன்.

மல்லிகைப்பந்தல்

பயப்படாதீங்க தங்கச்சி. எனக்கும் ஐந்தாம் மாத ஸ்கேனில் இதையேதான் சொன்னார்கள். எட்டாம் மாதம் பார்த்தபோது நஞ்சு மேலே ஏறிவிட்டது, சுகப்பிரசவம்தான். என் நாத்தனாருக்கும் அப்படியே. தைரியமாக இருங்கள், நன்றாகச் சாப்பிடுங்கள்.

ஸ்கேன் அறையிலிருந்து

நான் ஸ்கேன் பார்க்கும் டாக்டர். உங்கள் படங்களைப் பார்க்காமல் உங்களைப் பற்றி முடிவு சொல்ல முடியாது. ஆனால் எதைக் கேட்க வேண்டும் என்று சொல்லலாம். மல்லிகைப்பந்தல் சொன்னது பெரும்பாலானவர்களுக்கு உண்மை. உங்கள் கேள்வியில் 'முன்பக்கம்' என்றும் 'மூத்தவன் சிசேரியன்' என்றும் இரண்டு செய்திகள் இருக்கின்றன. அவை இரண்டும் சேரும்போது கதை கொஞ்சம் மாறுகிறது.

முதலில் ஆறுதலான பகுதி. 20 வாரத்தில் நஞ்சுக்கொடி கீழே இருப்பதாகச் சொல்லப்படும் 10 பேரில் 9 பேருக்குக் கடைசி மாதங்களில் அது விலகிவிடுகிறது. உண்மையில் நஞ்சு தன் இடத்தை விட்டு நகர்வதில்லை. கர்ப்பப்பையின் அடிப்பகுதி கடைசி மூன்று மாதங்களில்தான் நீண்டு விரிகிறது. அதனால் நஞ்சின் கீழ் ஓரத்துக்கும் கர்ப்பப்பை வாய்க்கும் நடுவில் இடைவெளி கூடிக்கொண்டே போகிறது. பிரசவ நேரத்திலும் வாயை மறைத்துக்கொண்டு இருப்பது சுமார் 200 கர்ப்பங்களில் ஒன்றில்தான்.

ஆனால் 'லோ லையிங்' என்று மட்டும் எழுதிய ரிப்போர்ட்டை நான் பாதி ரிப்போர்ட் என்றுதான் சொல்வேன். அதில் ஒரு எண் இருக்க வேண்டும். கர்ப்பப்பை வாயின் உட்துவாரத்திலிருந்து நஞ்சின் ஓரம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளி இருக்கிறது என்பதுதான் அந்த எண். 20 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் லோ லையிங். துவாரத்தின் மேலேயே படுத்திருந்தால் பிரீவியா. 18 மி.மீ. என்று எழுதப்பட்டவரும், துவாரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் வரை நஞ்சு போயிருப்பவரும் ஒரே சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். முதலாமவருக்கு அநேகமாக ஏறிவிடும். இரண்டாமவருக்கு அந்த நம்பிக்கை மிகக் குறைவு.

அந்த எண்ணை வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கும் ஸ்கேனில் நம்பிக்கையாக அளக்க முடியாது. சிறுநீர்ப்பை நிரம்பி இருந்தால் கர்ப்பப்பையின் கீழ்ச்சுவர்களை ஒன்றாக நெருக்கிவிடும், நஞ்சு கீழே இருப்பதாகத் தோன்றும். அந்த நேரத்தில் கர்ப்பப்பை லேசாக இறுகினாலும் அப்படித்தான். நஞ்சு பின்பக்கம் இருந்தால் குழந்தையின் தலை நிழல் விழுந்து ஓரமே தெரியாது. அதனால் சந்தேகம் வந்தால் பிறப்புறுப்பு வழியாகப் பார்க்கும் டி.வி.எஸ். ஸ்கேன்தான் சரி. வயிற்று ஸ்கேனில் லோ லையிங் என்று சொல்லப்பட்டவர்களில் கால் பங்குக்கும் மேற்பட்டவர்களுக்கு, சில ஆய்வுகளில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு, டி.வி.எஸ். பார்த்ததும் முடிவு மாறியிருக்கிறது.

இனி உங்கள் விஷயம். முந்தைய சிசேரியன் தழும்பு கர்ப்பப்பையின் முன்சுவரில், கீழ்ப்பகுதியில் இருக்கிறது. நஞ்சும் முன்பக்கம், அதுவும் கீழே என்றால், அது தழும்பின் மேலேயே ஒட்டியிருக்க வாய்ப்பு உண்டு. தழும்பில் சாதாரண உள்சவ்வு கிடையாது. அதனால் நஞ்சு தசைக்குள் இறங்கிப் பிடித்துக்கொள்ளலாம். இதற்குப் பெயர் அக்ரீட்டா. பழைய சுவரில் வேர்விட்ட ஆலங்கன்றைப் பிடுங்கினால் காரையும் செங்கல்லும் சேர்ந்து வருமே, அந்த மாதிரி பிரசவத்தின்போது நஞ்சைப் பிரிக்கப்போனால் கர்ப்பப்பைச் சுவரே கிழிந்து, சில நிமிடங்களில் லிட்டர் கணக்கில் ரத்தம் போகும்.

எவ்வளவு வாய்ப்பு? அமெரிக்காவில் 30,132 சிசேரியன்களை வைத்துச் செய்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது. பிரீவியா இருந்தவர்களில், அது முதல் சிசேரியனாக இருந்தால் 3 சதவீதம் பேருக்கு அக்ரீட்டா. இரண்டாவது சிசேரியன் என்றால் 11. மூன்றாவது என்றால் 40. நான்காவது என்றால் 61. நீங்கள் அந்த 11-ஐப் பார்த்துப் பதற வேண்டாம். அது பிரீவியா கடைசி வரை நீடித்தவர்களின் கணக்கு. உங்களுக்கு அது நீடிக்குமா என்பதே இன்னும் தெரியாது. தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுதான் நான் சொல்வது.

டாக்டரிடம் கேளுங்கள்: டி.வி.எஸ். பார்த்து மில்லிமீட்டர் எழுதித் தர முடியுமா, நஞ்சு பழைய தழும்பின் மேல் வருகிறதா, தொப்புள்கொடி நஞ்சில் எங்கே சேர்கிறது, அடுத்து எந்த வாரம் பார்க்க வேண்டும். 'ஏறிடும்' என்ற ஒரு சொல்லோடு எழுந்து வந்துவிடாதீர்கள்.

லேபர் வார்டு சிஸ்டர்

டாக்டர் விளக்கமாகச் சொல்லிவிட்டார். நான் அத்தையைப் பற்றியும் அம்மாவைப் பற்றியும் சொல்கிறேன், ஏனென்றால் வார்டில் நாங்கள் தினமும் பேசுவது அவர்களிடம்தான்.

ரத்தப்போக்கு இல்லாத பெண்ணைக் கட்டிலிலேயே படுக்க வைப்பதால் நஞ்சு ஏறாது. ஏறுவதற்கும் படுப்பதற்கும் சம்பந்தமே இல்லை. நாள் முழுக்கப் படுத்திருந்தால் காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். வீட்டுக்குள் நடமாடுங்கள், உங்கள் வேலைகளைச் செய்யுங்கள். தண்ணீர்க் குடம், கிரைண்டர் கல், மூத்த பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுவது, இவற்றை மட்டும் மற்றவர்களிடம் விட்டுவிடுங்கள். நஞ்சு கீழே இருப்பது உறுதியானால் தாம்பத்தியத்தைப் பற்றியும் டாக்டரிடம் வெட்கப்படாமல் கேட்டுவிடுங்கள். பெரும்பாலும் தவிர்க்கத்தான் சொல்வார்கள்.

அம்மா வீட்டுக்குப் போவது வேறு விஷயம். அதில் நான் கண்டிப்பாகவே சொல்வேன். பிரீவியா ரத்தப்போக்கு வலியே இல்லாமல் வரும். தூங்கி எழும்போது சேலை நனைந்திருக்கும். முதல் தடவை கொஞ்சமாக வந்து தானாகவே நின்றும்விடும், அதனால் வீட்டில் "சரியாகிவிட்டது" என்று நினைத்துவிடுவார்கள். அடுத்த தடவை அப்படி நிற்காமல் போகலாம். ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருக்கக்கூடாது. 32 வார ஸ்கேன் பார்த்து, நஞ்சு விலகிவிட்டது என்று எழுத்தில் வந்த பிறகு தாராளமாகப் போங்கள். அதுவரை அம்மா உங்கள் வீட்டுக்கு வந்து தங்கட்டும். வளைகாப்பைப் புகுந்த வீட்டில் வைத்தால் ஒன்றும் குறைந்துவிடாது.

துளி ரத்தம் பட்டாலும் 108-ஐக் கூப்பிட்டுவிடுங்கள். பக்கத்துக் கிளினிக்கில் நின்று நேரம் போக்காமல், 24 மணி நேரமும் ஆபரேஷன் வசதியும் ரத்த வங்கியும் உள்ள இடத்துக்கு, அரசு மருத்துவமனையில் சீமாங் சென்டர் என்பார்களே, அங்கே நேராகப் போங்கள். "பிளசென்டா கீழே இருக்கு, கைவிட்டுப் பார்க்க வேண்டாம்" என்று உள்ளே நுழையும்போதே சொல்லுங்கள். தாய் சேய் நல அட்டையின் மேலேயே வி.எச்.என். (கிராம சுகாதாரச் செவிலியர்) அம்மாவிடம் சிவப்பு மையில் எழுதி வாங்கி வையுங்கள்.

வேப்பம்பூ

நடுவில் ஒரு சந்தேகம். சிஸ்டர் கைவிட்டுப் பார்க்கக்கூடாது என்கிறார். டாக்டர் உள்ளே விட்டுப் பார்க்கும் ஸ்கேன் எடுக்கச் சொல்கிறார். கையால் தொட்டால் ரத்தம் வரும் என்றால் அந்தக் கருவி பட்டால் வராதா? எனக்கு எழுதியும் இதே பயத்தில் நான் எடுக்கவில்லை.

ஸ்கேன் அறையிலிருந்து

நல்ல கேள்வி, கேட்காமல் மனசுக்குள் வைத்துக்கொண்டு ஸ்கேனைத் தவிர்ப்பவர்கள் நிறைய. விரல் பரிசோதனையில் விரல் கர்ப்பப்பை வாய்க்குள்ளேயே போகிறது, அங்கே நஞ்சு இருந்தால் அதைக் குத்திவிடலாம். ஸ்கேன் கருவி வாய்க்குள் போவதே இல்லை. பிறப்புறுப்பின் பாதை ஒரு கோணத்தில் இருக்கிறது, கருவி முன்பக்கமாகச் சாய்ந்து, வாய்க்கு இரண்டு மூன்று செ.மீ. முன்னாலேயே நின்றுவிடும். போகப்போகத் திரையைப் பார்த்துக்கொண்டேதான் செலுத்துகிறோம். பிரீவியா உள்ளவர்களுக்கும், ரத்தப்போக்கு உள்ளவர்களுக்கும்கூட இது பாதுகாப்பானது என்று பல ஆண்டு அனுபவத்தில் நிறுவப்பட்டுவிட்டது. பெண் டாக்டர் வேண்டும், துணைக்கு ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று கேட்பது உங்கள் உரிமை. தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

தேம்ஸ் கரை

நான் லண்டனில் இருக்கிறேன். டாக்டர் மேலே 'தொப்புள்கொடி எங்கே சேர்கிறது' என்று ஒரு கேள்வியைச் சேர்த்திருந்தார். அதை யாரும் கவனிக்காமல் போய்விடக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

எனக்கு ஐ.வி.எஃப். கர்ப்பம். 20 வாரத்தில் லோ லையிங் என்றார்கள். 32 வாரத்தில் "நஞ்சு மேலே போய்விட்டது, வாழ்த்துகள்" என்று சொல்லிவிட்டு முடிக்கப்போனார்கள். ஸ்கேன் பார்த்த பெண் மட்டும் நிறுத்தி, ரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் கலர் டாப்ளர் போட்டு மறுபடி வாய்ப்பகுதியைப் பார்த்தார். நஞ்சு ஏறிவிட்டது, ஆனால் குழந்தையின் ரத்தக்குழாய்கள் இரண்டு பனிக்குடச் சவ்வில் வெறுமனே ஓடி, கர்ப்பப்பை வாயின் குறுக்கே போய்க்கொண்டிருந்தன. அதுதான் வாசா பிரீவியா. பனிக்குடம் உடைந்தால் அந்தக் குழாய்களும் சேர்ந்து அறுந்துபோகும். போவது அம்மாவின் ரத்தம் இல்லை, குழந்தையின் ரத்தம். பிறக்கும் நிலையில் இருக்கும் குழந்தையின் உடலில் மொத்தமே சுமார் 250 முதல் 300 மில்லி ரத்தம்தான் இருக்கும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும்.

உடனே ஆஸ்பத்திரியில் சேர்த்துக்கொண்டார்கள். நுரையீரல் முதிர்ச்சிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, வலி வருவதற்கு முன்பே சிசேரியன் செய்தார்கள். என் மகள் இப்போது பள்ளிக்குப் போகிறாள்.

இந்த ஊரில் எல்லாருக்கும் இதைத் தேடிப் பார்ப்பது கிடையாது. தேசியப் பரிசோதனைக் குழு அதைப் பொதுத் திட்டமாகப் பரிந்துரைக்கவில்லை. எனக்குப் பார்த்தது அந்தப் பெண்ணின் கவனத்தால். அதனால்தான் சொல்கிறேன், கேட்டு வாங்குங்கள்.

ஸ்கேன் அறையிலிருந்து

தேம்ஸ் கரை எழுதியதை இந்த இழையில் வருகிற எல்லாரும் படிக்க வேண்டும். ஸ்கேன் ஒரு உயிரை நேரடியாகக் காப்பாற்றுகிறது என்று தயங்காமல் சொல்லக்கூடிய இடம் இதுதான். 2004-ல் 155 வாசா பிரீவியா கர்ப்பங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். பிரசவத்துக்கு முன்பே ஸ்கேனில் கண்டுபிடிக்கப்பட்டவர்களில் 97 சதவீதம் குழந்தைகள் பிழைத்தன. கண்டுபிடிக்கப்படாதவர்களில் 44 சதவீதம். மருந்து எதுவும் புதிதாக வந்துவிடவில்லை. முன்கூட்டித் தெரிந்ததால் வலி வரும் வரை காத்திருக்காமல், 34 முதல் 36 வாரத்துக்குள் எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான்.

அபூர்வம்தான், 1,200-லிருந்து 5,000 கர்ப்பங்களுக்கு ஒன்று என்கிறார்கள். ஆனால் யாருக்கு வரும் என்று ஓரளவு தெரியும். நடுமாதத்தில் நஞ்சு கீழே இருந்தவர்கள், தொப்புள்கொடி நஞ்சின் மேல் சேராமல் சவ்வில் சேர்ந்தவர்கள், நஞ்சு இரண்டு மடலாகவோ தனித்துண்டோடோ இருப்பவர்கள், ஐ.வி.எஃப்., இரட்டைக் குழந்தைகள். 'நஞ்சு ஏறிவிட்டது' என்று மகிழ்ச்சியாகச் சொல்லப்படும் அந்த 32 வார ஸ்கேனில்தான் இதையும் பார்க்க வேண்டும். நஞ்சு விலகிய இடத்தில் குழாய்கள் மிச்சமாக நின்றுவிடுகின்றன. கலர் டாப்ளர் போட்டு வாய்மேல் குழாய் எதுவும் ஓடவில்லை என்று பார்க்க ஒரு சில நிமிடம் போதும்.

கொங்கு அப்பா

யாரையும் புண்படுத்த எழுதவில்லை. என் மனைவிக்கு ஏழாவது மாதம். இதுவரை எடுத்த ஸ்கேன்களுக்கே நிறையச் செலவு. ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வரி எழுதுகிறார்கள், அதற்கு இன்னொரு ஸ்கேன். என் பாட்டி ஒன்பது பிள்ளை பெற்றார், ஒரு ஸ்கேனும் கிடையாது. இந்த இழையைப் படிக்கும் நல்ல உடம்புள்ள பெண்கள் எல்லாரும் இன்றைக்கு இரவு தூங்கமாட்டார்கள். பத்தில் ஒன்பது பேருக்குச் சரியாகிவிடும் என்றால் பத்துப் பேரையும் ஏன் பயமுறுத்த வேண்டும்?

லேபர் வார்டு சிஸ்டர்

அண்ணா, செலவைப் பற்றி நீங்கள் சொல்வது நியாயம். காரணம் சொல்லாமல் மாதாமாதம் ஸ்கேன் எழுதினால் "எதற்கு?" என்று கேளுங்கள், தப்பே இல்லை. லோ லையிங் என்று வந்தவர்களுக்கு 32 வாரத்தில் ஒன்று, அப்போதும் கீழேயே இருந்தால் 36 வாரத்தில் ஒன்று, இதுதான் பிரிட்டனின் மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2018-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலும் இருக்கிறது. ரத்தப்போக்கு வந்தாலோ தழும்பின் மேல் சந்தேகம் இருந்தாலோ முன்னதாகவே பார்ப்பார்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் காசு வாங்காமலே எடுக்கிறார்கள், காத்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் பாட்டியின் காலத்தைச் சொன்னீர்களே, அதற்கு மட்டும் பதில் சொல்லியாக வேண்டும். ஒன்பது பெற்றுப் பிழைத்தவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று பேசுகிறோம். மூன்றாவதிலேயே போய்விட்டவர்களைப் பற்றிப் பேச வீட்டில் ஆள் இல்லை. எங்கள் ஊரில் 'பிரசவத்தில் ரத்தம் போய் இறந்தாள்' என்று சொல்லாத தெரு கிடையாது.

இன்னொன்று. பாட்டிக்கு வயிற்றில் தழும்பு இல்லை. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவம் சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் மட்டும் எடுத்தால் 63.8. அதாவது இரண்டாவது பிள்ளைக்கு வருகிறவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் தழும்போடு வருகிறார்கள். நஞ்சு தழும்பில் ஒட்டும் பிரச்சினை அதனால்தான் இப்போது கூடுகிறது. தேவையில்லாத முதல் சிசேரியனைக் குறைப்பதற்குக் குரல் கொடுங்கள், நானும் கூட வருகிறேன். இரண்டாவது பிள்ளையின் ஸ்கேனைக் குறைக்கச் சொல்லாதீர்கள்.

ஸ்கேன் அறையிலிருந்து

சிஸ்டர் சொன்னதோடு கொஞ்சம் சரித்திரம். ஸ்கேன் வருவதற்கு முன்பு நஞ்சு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள எக்ஸ்ரே எடுத்தார்கள், கதிரியக்கப் பொருளை ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். அதுவும் இல்லாவிட்டால் ஆபரேஷன் தியேட்டரில் எல்லாவற்றையும் தயாராக வைத்துக்கொண்டு விரலால் தொட்டுப் பார்த்தார்கள். தொட்டதும் ரத்தம் பீறிட்டால் உடனே கத்தி. பெல்ஃபாஸ்ட்டில் மெக்காஃபி என்ற மருத்துவர் 1945-ல் ஒரு மாற்றுவழியை எழுதினார்: ரத்தப்போக்கு நின்றுவிட்டால் அவசரப்படாமல், ரத்தம் தயாராக வைத்து, தாயை ஆஸ்பத்திரியிலேயே தங்கவைத்துக் குழந்தை வளரக் காத்திருப்பது. அதனால் தாய் இறப்பும் குழந்தை இறப்பும் வெகுவாகக் குறைந்தன. கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் குழுவினரும் 1958-ல் அல்ட்ராசவுண்ட் படங்களை வெளியிட்டார்கள். பத்தே ஆண்டில் அதை வைத்து நஞ்சின் இடத்தைக் கண்டுபிடிக்கும் முறையும் வந்துவிட்டது. காத்திருக்கலாமா, கூடாதா என்று தொடாமலேயே தெரிந்துகொள்ள முடிந்தது அதற்குப் பிறகுதான்.

கொங்கு அப்பா, பத்துப் பேரைப் பயமுறுத்தக்கூடாது என்பதில் நானும் உங்கள் பக்கம். அதற்கு வழி எண்ணை எழுதுவதும், அடுத்த தேதியைச் சொல்வதும், 'உங்களுக்கு இது விலக நிறைய வாய்ப்பு' என்று உட்கார்ந்து இரண்டு நிமிடம் பேசுவதும். பார்க்காமல் விடுவது அல்ல.

மழைத்துளி

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்துவிட்டு எழுதுகிறேன். எனக்கு எட்டாம் மாதத்தில் பிரஷர் ஏறியது. அடிவயிறு இறுகிக்கொண்டு வலித்தது, ரத்தம் கொஞ்சம்தான் பட்டது. ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள், எடுத்தேன். நார்மல், நஞ்சு மேலே இருக்கிறது, குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கிறது என்றார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அன்று இரவே எல்லாம் முடிந்துவிட்டது. நஞ்சு முன்கூட்டியே பிரிந்துவிட்டது என்றார்கள். ஸ்கேன் நார்மல் என்று சொன்னது எப்படி என்று இன்றுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

ஸ்கேன் அறையிலிருந்து

சகோதரி, உங்கள் இழப்புக்கு என்ன சொல்லியும் ஈடாகாது. உங்களுக்கு யாரும் சொல்லாததை நான் சொல்கிறேன், ஏனென்றால் இது உங்களுக்குச் சொல்லப்பட வேண்டியது.

நஞ்சு முன்கூட்டிப் பிரிவதை ஸ்கேன் பெரும்பாலும் காட்டாது. புதிதாகக் கசிந்த ரத்தம் திரையில் நஞ்சைப் போலவே சாம்பல் நிறமாகத் தெரியும். நஞ்சு சற்றுத் தடித்திருப்பதாக மட்டும் தோன்றும், அல்லது அதுவும் தோன்றாது. பிரிந்தது உறுதியானவர்களைத் திரும்பிப் பார்த்த ஆய்வில் நான்கில் மூன்று பேரின் ஸ்கேனில் ஒன்றுமே தெரியவில்லை. ஸ்கேனில் ரத்தக்கட்டி தெரிந்தால் நஞ்சு பிரிந்திருக்கிறது என்று நம்பலாம். தெரியாவிட்டால் பிரியவில்லை என்று ஒருபோதும் சொல்லக்கூடாது. இதை நோயின் அறிகுறியை வைத்தும், குழந்தையின் இதயத்துடிப்புப் பதிவை வைத்தும், வயிற்றைத் தொட்டுப் பார்த்தும்தான் கண்டுபிடிக்க வேண்டும். நீங்கள் செய்யவேண்டியதைச் செய்தீர்கள். குறை உங்களிடம் இல்லை.

மற்றவர்களுக்கு: விட்டு விட்டு வராமல் நின்று வலிக்கும் வலி, பலகை போல இறுகிய வயிறு, அசைவு குறைவது, இதெல்லாம் இருந்தால் ரத்தம் வெளியே வராவிட்டாலும் ஸ்கேன் சென்டருக்குப் போகாதீர்கள். நேராக லேபர் வார்டுக்குப் போங்கள். பிரஷர் உள்ளவர்கள், வயிற்றில் அடிபட்டவர்கள், வண்டியிலிருந்து விழுந்தவர்கள், முன்பு ஒருமுறை இப்படி ஆனவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பிரீவியாவை ஸ்கேன் கண்டுபிடிக்கும் அழகைப் பார்த்துவிட்டு, எல்லாவற்றையும் அது கண்டுபிடித்துவிடும் என்று நாங்களே மக்களை நம்பவைத்துவிட்டோம்.

மழைத்துளி

நன்றி டாக்டர். அழுதுகொண்டே படித்தேன். மறுபடி குழந்தை வேண்டும் என்று இருவரும் நினைக்கிறோம். அடுத்த தடவை முன்கூட்டியே செய்யக்கூடியது எதாவது உண்டா?

ஸ்கேன் அறையிலிருந்து

உண்டு. கர்ப்பம் உறுதியானதும் நேராக, பழைய கேஸ் ஷீட்டோடு, சிக்கலான கர்ப்பங்களைப் பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். 11 முதல் 14 வார ஸ்கேனில் கர்ப்பப்பைக்கு ரத்தம் கொண்டுவரும் தமனிகளை டாப்ளரில் பார்த்து, பிரஷர், ரத்தப் பரிசோதனை எல்லாம் சேர்த்து ஆபத்தைக் கணிக்கிறார்கள். ஆபத்து அதிகம் என்று வந்தவர்களுக்கு இரவில் 150 மி.கி. ஆஸ்பிரின் கொடுத்துப் பார்த்த ஆஸ்ப்ரே ஆய்வு 2017-ல் வந்தது. 37 வாரத்துக்கு முன்பே பிரசவம் ஆகுமளவுக்குத் தீவிரமான பிரஷர் நோய் 4.3 சதவீதத்திலிருந்து 1.6 ஆகக் குறைந்தது. 16 வாரத்துக்கு முன்பே தொடங்கினால்தான் பலன், அதனால் ஐந்தாம் மாதம் வரை காத்திருக்காதீர்கள். மருத்துவர் சொல்லாமல் நீங்களாகத் தொடங்கவும் வேண்டாம். பிற்பாதியில் குழந்தையின் வளர்ச்சியையும் தொப்புள்கொடி ரத்த ஓட்டத்தையும் அடிக்கடி பார்ப்பார்கள்.

குறிஞ்சி

என் ரிப்போர்ட்டில் 'பிளசென்டா கிரேடு 3' என்று இருக்கிறது, 37 வாரம். நஞ்சு கெட்டுப்போய்விட்டதா? அப்புறம், நஞ்சு முன்பக்கம் இருந்தால் ஒரு குழந்தை, பின்பக்கம் இருந்தால் இன்னொன்று என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள்.

ஸ்கேன் அறையிலிருந்து

கிரேடு 3 என்றால் நஞ்சில் சுண்ணாம்புப் படிவு தெரிகிறது என்று அர்த்தம். 37 வாரத்தில் அது சாதாரணம். குழந்தையின் எடை, தண்ணீர், டாப்ளர் சரியாக இருந்தால் அந்த வரிக்காக அவசர ஆபரேஷன் தேவையில்லை. மிகவும் முன்னதாக, 32 வாரத்துக்குள் தெரிந்தால்தான் வளர்ச்சியை உற்றுப் பார்ப்போம். நஞ்சு எந்தப் பக்கம் என்பதற்கும் ஆணா பெண்ணா என்பதற்கும் தொடர்பு இல்லை. வயிற்றில் இருப்பது ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் 1994 சட்டப்படி குற்றம். முன்பக்க நஞ்சு என்றால் அசைவு கொஞ்சம் தாமதமாகத் தெரியலாம், வேறொன்றும் இல்லை.

நெல்லைச்சீமை

டி.வி.எஸ். எடுத்துவிட்டேன். வலிக்கவே இல்லை. துவாரத்திலிருந்து 9 மி.மீ. என்று எழுதியிருக்கிறார்கள். நஞ்சுக்கும் தசைக்கும் நடுவில் இருக்க வேண்டிய கறுப்புக் கோடு முழுதாகத் தெரிகிறது, சிறுநீர்ப்பைப் பக்கம் குழாய்கள் எதுவும் புகவில்லை, தொப்புள்கொடி நஞ்சின் மேல்தான் சேர்கிறது என்று சொன்னார்கள். 28 வாரத்தில் தழும்புக்காக ஒருமுறை, 32-ல் மறுபடி. டாக்டரம்மாவிடம் இந்தக் கேள்விகளை எழுதிக்கொண்டு போனேன், பொறுமையாக எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அம்மா இங்கேயே வந்து தங்குவதாகச் சொல்லிவிட்டார்.

ஸ்கேன் அறையிலிருந்து

நல்ல ரிப்போர்ட். நீங்கள் சொன்ன அந்தக் கறுப்புக் கோடு மறைவது, நஞ்சுக்குள் ஒழுங்கற்ற கருங்குழிகள், தசை 1 மி.மீ.க்கும் கீழே மெலிவது, சிறுநீர்ப்பைக் கோடு அறுபடுவது, இவைதான் அக்ரீட்டாவுக்கு நாங்கள் தேடுவது. இப்போது இல்லை என்பதால் பிறகும் பார்க்க வேண்டாம் என்று ஆகாது, அதனால் 28 வார ஸ்கேனைத் தவறவிடாதீர்கள். ஒருவேளை சந்தேகம் வந்தால், பெரிய மருத்துவமனையில் மயக்க மருத்துவர், சிறுநீரக அறுவை மருத்துவர், ரத்த வங்கி எல்லாம் தயாராக வைத்து 35–36 வாரத்தில் திட்டமிட்டுச் செய்வார்கள். நஞ்சைப் பிய்க்காமல் கர்ப்பப்பையோடு எடுக்க நேரலாம். கேட்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் முன்கூட்டித் தெரிந்து செய்தால் ரத்த இழப்பு குறைவு.

ஆத்தங்கரை

இப்போதுதான் இழையைப் பார்த்தேன். எனக்கு 34 வாரம், பிரீவியா உறுதி, முதல் குழந்தை. பி நெகட்டிவ் ரத்தம். நேற்றுச் சிறிது ரத்தம் பட்டு நின்றுவிட்டது. அடுத்த வாரம்தான் செக்கப். அதுவரை காத்திருக்கலாமா?

லேபர் வார்டு சிஸ்டர்

காத்திருக்காதீர்கள் தங்கச்சி. இதைப் படித்ததும் கிளம்புங்கள். உங்கள் பிரிவு நெகட்டிவ் என்பதால் ரத்தம் பட்ட 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி (குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்புப்பொருள் உண்டாக்காமல் தடுப்பது) போட வேண்டியிருக்கும், நேற்றிலிருந்து கணக்கு ஓடுகிறது. ஸ்டீராய்டு ஊசி தேவையா என்றும் அங்கே முடிவு செய்வார்கள். ஒருமுறை ரத்தம் பட்டவர்களைப் பெரும்பாலும் வார்டிலேயே வைத்துக்கொள்வார்கள், அதனால் துணிமணி, அட்டை, எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஹீமோகுளோபின் எவ்வளவு என்று கேளுங்கள், குறைவாக இருந்தால் இரும்புச்சத்து டிரிப் இப்போதே போடட்டும். நெகட்டிவ் ரத்தம் சட்டென்று கிடைக்காது. சொந்தக்காரர்களில் பி நெகட்டிவோ ஓ நெகட்டிவோ உள்ளவர்கள் இரண்டு மூன்று பேரை இன்றே போன் செய்து, ரத்த வங்கியில் பெயர் கொடுக்கச் சொல்லுங்கள். போய்ச் சேர்ந்ததும் இங்கே ஒரு வரி எழுதுங்கள், பார்த்துக்கொண்டிருப்பேன்.

ஆத்தங்கரை

கிளம்பிவிட்டோம் அக்கா. அண்ணனுக்கு ஓ நெகட்டிவ், அவரும் கூட வருகிறார்.